கடத்தத் தகுந்தவர்கள்

கோபாலசாமி மேற்கத்தியர் ஆனது 1997ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு. அதற்கு முந்தைய நாற்பத்து மூன்று வருடங்களும் அவர் வெறும் கோயமுத்தூர்க்காரராகவே இருந்தார். ஹூஸ்டனில் ஒரு பெரிய கூடத்தில் தொள்ளாயிரம் பேரோடு நின்று, வலது கையைத் தூக்கி, அமெரிக்கக் குடிமகனாக உறுதிமொழி எடுத்தார். பக்கத்தில் நின்ற வியட்நாம்காரர் தேம்பி அழுதார். கோபாலசாமிக்குப் பசித்தது. மனைவி வசந்தாமணியும் பதினோரு வயது மகள் ரோஷினியும் போட்டோ எடுத்தார்கள். மூவரும் இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்ட் தெருவுக்குப் போய் ஆளுக்கொரு மசால் தோசை சாப்பிட்டார்கள். விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார்.

என்ன ஆகிவிட்டோம் என்பது மறுநாள் அலுவலகத்தில்தான் தெரிந்தது.

அவர் வேலை பார்த்தது டால்பர்ட் பம்ப் கம்பெனியில். எண்ணெய்க் குழாய்களுக்குப் பெரிய பெரிய பம்புகள் செய்து உலகெங்கும் அனுப்புகிற கம்பெனி. பம்பை அனுப்பினால் போதாது. அது மக்கர் செய்யும்போது ஆளையும் அனுப்ப வேண்டும். முந்தைய வருடம் வேறொரு கம்பெனியின் இன்ஜினியரை ஏழாம் மண்டலத்தில் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஏழாம் மண்டலம் என்பது ஒரு நாடு. அதற்குப் பெயர் உண்டு, கொடி உண்டு, தேசியகீதமும் உண்டு. பெயரைச் சொன்னால் ஊழியர்கள் பயப்படுகிறார்கள் என்று டால்பர்ட் கம்பெனி எண் கொடுத்திருந்தது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு டால்பர்ட்டில் 'அபாயப் பயணப் பிரிவு' என்று ஒன்று முளைத்தது. அதற்குத் தலைவர் கர்னல் பிளேக்லி. இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவர். பெரும்பாலும் போர்வைக் கிடங்கில். அவர் எழுதிய நீலநிறக் கையேடு ஊழியர்களை இரண்டாகப் பிரித்தது. மேற்கத்தியருக்கு மூன்று நாள் பயிற்சி, குண்டு துளைக்காத வண்டி, காப்பீடு, எந்நேரமும் அழைக்கக்கூடிய தொலைபேசி எண். மற்றவருக்குக் கம்பெனி முத்திரை இல்லாத ஒரு தொப்பி.

"இதில் பாரபட்சம் எதுவும் இல்லை" என்று கர்னல் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். "கடத்துகிறவன் ஒரு வியாபாரி. விலை போகிற சரக்கைத்தான் தூக்குவான். உங்களைப் போன்றவர்களை யார் தூக்குவார்கள்? எங்களுக்குக் கிடைக்காத ஒரு பாதுகாப்போடு நீங்கள் பிறந்திருக்கிறீர்கள். சில சமயம் எனக்கே பொறாமையாக இருக்கும்."

கோபாலசாமியும் கைதட்டியிருக்கிறார். மே மாதம் ஏழாம் மண்டலத்துக்குப் போக அவர் பெயரில்தான் பயண ஆணை தயாராகியிருந்தது. தொப்பிகூட வந்துவிட்டது. ஒரு பெட்டி லட்டைக் கர்னலின் மேஜைமேல் வைத்து, குடியுரிமை வாங்கிய செய்தியைச் சொன்னார்.

கர்னல் எழுந்து நின்றுவிட்டார். "கடவுளே! நீங்கள் இப்போது கடத்தத் தகுந்தவர்."

"சார், ஆள் அதே ஆள்தானே?"

"நேற்றுக் காலை வரை. இப்போது உங்களுக்கு வண்டி வேண்டும், காவல் வேண்டும். அந்த மண்டலத்துக்கு இருக்கிற ஒரே வண்டியும் பழுது." கர்னல் ஒரு லட்டை எடுத்து இரண்டாக உடைத்தார். "இந்த பம்பு தெரிந்த ஆள், இன்னும் உங்களைப் போல உயர்வு பெறாத ஆள், யாராவது இருக்கிறாரா?"

நானே போகிறேன், தொப்பியே போதும் என்று கோபாலசாமி சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் நாக்கு வரை வந்ததாகப் பின்னாளில் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது உண்மையல்ல. அவருக்கு உண்டானது நிம்மதி. ஒரு நொடி யோசித்துவிட்டு, "செல்வராஜ்" என்றார்.

செல்வராஜ் அன்னூர்க்காரன், வயது இருபத்தொன்பது. கோயமுத்தூரில் பம்பு கம்பெனியில் இருந்தவனை டால்பர்ட்டுக்குச் சிபாரிசு செய்து, ஹெச்1 விசாவில் வரவழைத்ததே கோபாலசாமிதான். அவன் மனைவி பவளத்துக்கு வசந்தாமணி சனிக்கிழமைதோறும் மால் பார்க்கிங்கில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பெண் எழிலரசிக்கு இரண்டு வயது.

"ஆபீஸ்ல உன்னையத்தான் போகணும்னு முடிவு பண்ணிட்டாங்கப்பா" என்று அவனிடம் கோபாலசாமி சொன்னார். "நான் போலாம்னுதான் இருந்தேன். சிட்டிசன்ஷிப் வந்து கெடுத்துருச்சு."

"அதனால என்னங்ணா, போய்ட்டு வந்தர்றேன். க்ரீன் கார்டு அப்ளை பண்ற நேரத்துல நல்லதுதானுங்களே" என்றான் செல்வராஜ். தொப்பியைப் போட்டுப் பார்த்தான். கொஞ்சம் பெரிதாக இருந்தது.

பயண ஆணையில் பெயர் மாற்ற ஆறு வாரம் ஆகும் என்பதால், கோபாலசாமியின் பெயரிலிருந்த ஆணையிலேயே 'பதிலாள்' என்று ஒரு சீட்டு ஒட்டி அவனை அனுப்பினார்கள்.

அவன் விமானம் ஏறிய அதே நாளில் கோபாலசாமியை மேற்கத்தியருக்கான கட்டாயப் பயிற்சிக்கு அழைத்துப் போனார்கள். எங்கும் போகாவிட்டாலும் தகுதி வந்தவர் பயிற்சி பெற்றே ஆக வேண்டும். சான் அன்டோனியோ போகும் வழியில் ஒரு மாட்டுப் பண்ணை. இரண்டாம் நாள், வேனில் போய்க்கொண்டிருந்தபோது முகமூடி போட்ட கூலி நடிகர்கள் வழிமறித்தார்கள். துப்பாக்கியைக் காட்டி ஏழு பேரையும் இறக்கித் தரையில் குப்புறப் படுக்கவைத்துக் கைகளைக் கட்டினார்கள். எட்டாவதாக உட்கார்ந்திருந்த கோபாலசாமியைப் பார்த்து, "உன்னை ஒன்றும் செய்ய மாட்டோம், வண்டியை எடுத்துக்கொண்டு போ" என்றார்கள். டிரைவர் என்று நினைத்துவிட்டார்கள்.

கர்னல் புதருக்குள்ளிருந்து ஓடி வந்தார். "அவரும் மேற்கத்தியர்! பட்டியலைப் பாருங்கள்!"

நடிகர்கள் பட்டியலைப் பார்த்தார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், அவரைத் தனியாக ஒருமுறை கடத்தினார்கள். கயிறு மணிக்கட்டை இறுக்கியது. மண்ணில் கன்னம் பதியப் படுத்திருந்தபோது, செல்வராஜ் இப்போது எந்த ஊருக்கு மேலே பறந்துகொண்டிருப்பான் என்று கோபாலசாமி கணக்குப் போட்டார். சான்றிதழில் 'மிகச் சிறப்பு' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஒன்பது நாள் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், கோபாலசாமியின் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"மதிய வணக்கம், ஐயா" என்றது ஒரு குரல். இலக்கணப் பிழையில்லாத ஆங்கிலம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் போலப் பேசினார். "உங்கள் அமெரிக்கர் எங்களிடம் இருக்கிறார். சாப்பிட்டுவிட்டார். உங்கள் எண்ணைத் தவிர வேறு எண் தன்னிடம் இல்லை என்கிறார்."

மேற்கத்தியர் அல்லாதவர்களுக்குத்தான் கம்பெனி எண் அச்சடித்த அட்டை கொடுப்பதில்லையே.

திங்கட்கிழமை கர்னல் நெருக்கடிக் குழுவைக் கூட்டினார். கோபாலசாமி நடந்ததைச் சொன்னார். கர்னல் கையேட்டைப் புரட்டினார்.

"கடத்தல் என்ற சொல்லை இங்கே பயன்படுத்த வேண்டாம். நாலாம் பக்கத்தின்படி கடத்தல் என்பது மேற்கத்தியருக்கு நேர்வது. மற்றவர் விஷயத்தில் இதற்குப் பெயர் 'முன்னறிவிப்பில்லாத வருகையின்மை'."

"சார், அவனைத் துப்பாக்கி முனையில்..."

"முன்னறிவிப்பு கொடுத்தாரா?"

"இல்லை."

"வருகை உண்டா?"

"இல்லை."

"பிறகென்ன?"

பத்து வேலை நாள் வராவிட்டால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். ஏழாம் மண்டலத்து மலையில் ஒரு குடிசையில் அடைபட்டிருந்த செல்வராஜ், அமெரிக்காவில் சட்டப்படி தங்கும் உரிமையை நாளுக்கு நாள் இழந்துகொண்டிருந்தான். எச்சரிக்கைக் கடிதம் பவளத்துக்குத் தபாலில் வந்தது. அவள் எழிலரசியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடிதத்தை எடுத்து வந்தாள்.

"அண்ணா, இதுல என்னங்க எழுதியிருக்குது? அவர விட்டுட்டாங்களா?"

கோபாலசாமி படித்தார். கடிதத்தை மடித்தார். "லீவு விஷயம்மா. நான் பேசிக்கறேன்" என்றார்.

பேசினார். கம்பெனி வக்கீல் மிஸ் டாபின் ஒரு வழி சொன்னாள். கையேட்டில் 'தகுதி உயர்வு' என்று ஒரு பிரிவு உண்டு. ஒருவர் போதுமான அளவு மேற்கத்தியராக வாழ்ந்திருந்தால், பாஸ்போர்ட் எதுவானாலும் கடத்தப்பட்டவராகக் கருதலாம். நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. அவளும் கர்னலும் பவளத்தின் அப்பார்ட்மென்டுக்கே வந்தார்கள். கோபாலசாமி மொழிபெயர்த்தார்.

"வீட்டில் என்ன சாப்பிடுவார்?"

"சோறுதானுங்க. சனிக்கிழமையானா பீட்சா. அது மேல பச்ச மொளகா நெறையப் போட்டுக்குவாருங்க."

மிளகாய்க்கு ஒரு மதிப்பெண் குறைந்தது. டெக்சாஸ்காரரும் மிளகாய் சாப்பிடுவார்கள் என்று கர்னல் பெருந்தன்மையோடு அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தார். நாய் வளர்க்கவில்லை. கிறிஸ்துமஸ் மரம் வைத்தார், ஆனால் அதன் கீழே பிள்ளையார் இருந்தார். பேஸ்பால் பார்ப்பார், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாது.

"அவர் வெள்ளைக்காரருன்னு எழுதிக் குடுத்தா விட்ருவாங்களாங்ணா?" என்று பவளம் நடுவில் கேட்டாள். "அப்படின்னா எழுதிக் குடுத்தர்லாங்க. அவரு வந்து திட்டுனாலும் பரவாயில்ல."

நாற்பத்து மூன்று மதிப்பெண். ஃபெயில்.

அன்று கோபாலசாமிக்கு ஏதோ ஒன்று அறுந்தது. கார் நிறுத்துமிடத்தில் மிஸ் டாபினை வழிமறித்தார். "நான் போயிருக்க வேண்டிய பயணம் அது. இப்போதும் ஆணை என் பெயரில்தான் இருக்கிறது. அவனை மாட்டிவிட்டது நான்."

மூன்று வாக்கியங்களில் நடுவிலிருந்ததை மட்டும் வக்கீல் குறித்துக்கொண்டாள். அவள் முகம் மலர்ந்தது.

"அப்படியானால் கோப்பின்படி அங்கே இருப்பவர் நீங்கள்தான்! நீங்கள் மேற்கத்தியர். ஆகவே இது கடத்தல். வாழ்த்துகள்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கோபாலசாமி கடத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டார். அதன்பிறகு டால்பர்ட் கம்பெனி சுறுசுறுப்பின் உச்சிக்கே போனது. ஏழாம் மண்டலத்து வண்டிகூடப் பழுது பார்க்கப்பட்டது. அலுவலக வாசலில் கோபாலசாமியின் புகைப்படத்தை வைத்து மஞ்சள் நாடா கட்டினார்கள். கடத்தல்காரரிடம் இருந்தது இவர் வீட்டு எண் மட்டும் என்பதால், நெருக்கடிக் குழு இவர் வீட்டு ஹாலிலேயே ஒலிப்பதிவுக் கருவியோடு குடியேறியது. கடத்தப்பட்டவரே எல்லோருக்கும் காபி கலந்து கொடுத்தார்.

வெளியே தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு. அக்கம்பக்கத்தாரும் அலுவலகத்தாரும் ஆறுதல் சொல்ல வந்தபடி இருந்தார்கள். ஒருமுறை மணி அடித்ததும் பழக்கதோஷத்தில் அவர் கதவுப் பக்கம் போக, ரோஷினி குறுக்கே ஓடி வந்தாள். "டாட்! யூ ஆர் கிட்நாப்ட். யூ கான்ட் ஆன்சர் த டோர்!"

சமையலறை மேஜை முழுக்க அலுமினியத் தட்டுகளில் சாப்பாடு குவிந்தது. சீஸ் போட்ட பாஸ்தா, பீன்ஸ், ஆறு பூசணி கேக். பவளத்தின் வீட்டுக்கு ஒருவரும் ஒரு ரொட்டித் துண்டுகூடக் கொண்டுபோகவில்லை. அவள் புருஷனுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே. வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான். தட்டுகளை வசந்தாமணி காரில் ஏற்றி அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்தவள் புருஷனின் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன சொல்லுச்சு அந்தப் புள்ள?" என்றார் கோபாலசாமி.

"தேங்க்ஸ் சொல்லுச்சுங்க. அதைத்தான் கேக்க முடியல."

ஆள் உண்மையில் அவர்கள் கையில்தான் இருக்கிறாரா என்று சோதிக்க ஒரு படிவம் உண்டு. கடத்தப்பட்டவருக்கு மட்டுமே விடை தெரிந்த ஐந்து கேள்விகள். ஐந்துக்கும் சரியான விடை வந்தால்தான் காப்பீட்டுக்காரர் மேற்கொண்டு பேசுவார். இங்கே கடத்தப்பட்டவர் கோபாலசாமி. பதில் சொல்ல வேண்டியவன் செல்வராஜ். ஆகவே தன்னைப் பற்றிச் செல்வராஜுக்கு என்னென்ன தெரியும் என்று யோசித்து யோசித்து அவர் நிரப்பினார். முதல் வண்டி மொபெட். பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் கோலிகுண்டு. மனைவி ஊர் உடுமலைப்பேட்டை. பிடிக்காத காய் சுரைக்காய். நாலும் அவனுக்குத் தெரிந்தவைதான்.

ஐந்தாவது கேள்வியை ஒரு மனநல நிபுணர் எழுதியிருந்தார்: 'நீங்கள் செய்து, இதுவரை ஒப்புக்கொள்ளாத ஒரு தவறு.' மனிதன் எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டானாம்.

பேனா நின்றது. வசந்தாமணி எதிரே உட்கார்ந்து கழுவிய பீன்ஸ் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அதையே எழுதுங்க" என்றாள்.

"எதை?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்கறீங்களா? பதிலாள்னு ஒட்டுன சீட்டுலயே உங்க பேரு இருந்துச்சு. சிபாரிசு செய்தவர்னு. பவளம் என்கிட்டக் காட்டுச்சு. அவன் கெளம்பறதுக்கு மொத நாளே."

"அப்ப செல்வராஜுக்கு..."

"தெரியும். தெரிஞ்சுதான் ஏர்போர்ட்ல உங்க கையப் புடிச்சுட்டுத் தேங்க்ஸ் சொன்னான்."

அவர் எழுதினார்: 'நான் போக வேண்டிய இடத்துக்குச் செல்வராஜின் பெயரைக் கொடுத்தேன். ஆபீஸ் முடிவு என்று அவனிடம் பொய் சொன்னேன்.' கர்னல் வாங்கிப் படித்தார்.

"இது தவறு இல்லை, சிபாரிசு. வேறு ஏதாவது எழுதுங்கள். வரி ஏய்ப்பு, பெண் விவகாரம், இந்த மாதிரி."

"இதுதான் சார்."

தலையை ஆட்டிக்கொண்டே கர்னல் முத்திரை குத்தினார்.

அடுத்த அழைப்பு வியாழக்கிழமை காலை வந்தது. கர்னல் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தார். வாத்தியார் குரல் அந்தப் பக்கம் யாரிடமோ கேட்டுக் கேட்டுப் பதில் சொன்னது. மொபெட். கோலிகுண்டு. உடுமலைப்பேட்டை. சுரைக்காய். ஒவ்வொன்றுக்கும் கர்னல் டிக் அடித்தார்.

"ஐந்தாவது. கோபாலசாமி செய்து ஒப்புக்கொள்ளாத தவறு என்ன?"

நீண்ட நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு வாத்தியார் சொன்னார்: "அவர் எந்தத் தவறும் செய்யவில்லை என்கிறார்."

கர்னல் பேனாவை வைத்தார். "விடை தவறு. பேச்சுவார்த்தை ஒரு வாரம் நிறுத்திவைக்கப்படுகிறது."

"ஒரு வாரமா?" என்றார் வாத்தியார். அந்த அமைதியான குரல் முதல்முறையாக உயர்ந்தது. "ஐயா, இங்கே என்னோடு இருப்பவர்கள் என்னைப் போலப் பொறுமைசாலிகள் இல்லை. ஒரு வாரம் இவர் இருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது."

கோபாலசாமி காபித் தட்டைத் தரையில் போட்டார். கர்னலின் கையிலிருந்த தொலைபேசியைப் பிடுங்கினார்.

"கடத்தப்பட்டவர் இந்தப் பக்கத்திலிருந்து பேசக் கூடாது!" என்று கர்னல் கத்தினார்.

"செல்வராஜிடம் கொடுங்கள்! அவனிடம் கொடுங்கள்!... டேய் செல்வா! நான்டா!"

"அண்ணா!" குரல் வறண்டு போயிருந்தது. "நல்லா இருக்கறீங்களா? எழில் என்ன பண்றா?"

"நல்லா இருக்கறா. டேய், அந்த அஞ்சாவது கேள்விக்குப் பதிலச் சொல்றா."

"அதான் சொல்லிட்டனுங்களே."

"அது இல்லடா. உம்பேரக் குடுத்தது நான்தான். பொய் சொன்னதும் நான்தான். அதைச் சொல்றா!"

"தெரியுங்ணா" என்றான் செல்வராஜ். "அதைய எதுக்குங்க இத்தன பேரு முன்னாடி? உங்க ஆபீஸ்காரங்க கேட்டுட்டிருப்பாங்க. உங்க பேரு கெட்டுரும்."

கோபாலசாமி சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "கெடட்டும்டா. உன்னையக் கும்புட்டுக் கேக்கறேன். சொல்லு."

"தமிழ் செல்லாது" என்றார் கர்னல். "விடை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்."

"இங்கிலீஷ்ல சொல்லுப்பா."

செல்வராஜ் ஆங்கிலத்தில் சொன்னான். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, பாடம் ஒப்பிப்பவன் போல. ஒலிபெருக்கியில் அது ஹால் முழுக்கக் கேட்டது. மாடிப்படியில் ரோஷினி நின்றுகொண்டிருந்தாள். தமிழில் போனது முழுதாகப் புரியாவிட்டாலும் இது அவளுக்குப் புரிந்தது. அப்பாவைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனாள்.

"சரியான விடை" என்று கர்னல் ஐந்தாவது டிக்கை அடித்தார்.

காப்பீட்டுக்காரர் பணம் கட்ட, அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் விடுவித்தார்கள். விடுவிக்கப்பட்டவர் கோபாலசாமி என்பதால், அவரை விமான நிலையத்தின் பின்வாசல் வழியாக உள்ளே அழைத்துப் போய், தோளில் ஒரு போர்வையைப் போர்த்தி, பயணிகள் வெளியே வரும் கதவு வழியாக வெளியே விட்டார்கள். கம்பெனிக்காரர்கள் கைதட்டினார்கள். வசந்தாமணி ஓடிவந்து கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. அவள் நடந்து வந்து, போர்வையைச் சரிசெய்தாள்.

எல்லோரும் கேக் வெட்டப் போன பிறகும் கோபாலசாமி அங்கேயே நின்றார். முக்கால் மணி நேரம் கழித்துச் செல்வராஜ் வந்தான். வேலை போனதால் விசா செல்லுமா என்று இமிக்ரேஷனில் உட்காரவைத்துக் கேட்டார்களாம். கடைசியில் ஒரு மாத அவகாசம் கொடுத்திருந்தார்கள். தாடி வளர்ந்திருந்தது. பவளம் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழிலரசிக்கு அடையாளம் தெரியவில்லை, அழுதாள்.

கோபாலசாமி கிட்டே போனார். "செல்வா, நான்..."

"விடுங்ணா" என்றான் அவன். "உங்க எடத்துல நான் இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன்."

அவன் செய்திருக்க மாட்டான். அது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

அந்த மாதக் கடைசியில் நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டர் பக்கத்தில் ஒரு சிறிய கம்பெனியில் செல்வராஜுக்கு வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போய்விட்டான். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வந்தது. அதில் பவளத்தின் கையெழுத்து இல்லை.

கோபாலசாமியை டால்பர்ட் கம்பெனி விடவில்லை. கடத்தலிலிருந்து மீண்ட ஒரே ஊழியர் என்று, மாட்டுப் பண்ணையில் புதிய மேற்கத்தியருக்குப் பாடம் எடுக்க அவரை நியமித்தது. முதல் வகுப்பில் முப்பது பேர் இருந்தார்கள். அறிமுக உரையில் கர்னலுக்கு மூன்று முறை தொண்டை கமறியது. பிறகு முன்வரிசையிலிருந்த ஒரு இளம்பெண் கையைத் தூக்கினாள்.

"கடத்தப்பட்டிருந்த நாட்களில் எது உங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, சார்?"

கோபாலசாமி வெகுநேரம் யோசித்தார்.

"வீட்டில் இருந்ததுதான்" என்றார்.

வீட்டு நினைவைச் சொல்கிறார் என்று எண்ணி முப்பது பேரும் குறித்துக்கொண்டார்கள். கர்னல் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்.